கட்டிலடிப் பெட்டி

போன வார அத்தியாயத்தில் அக்காவைக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்ட நிலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே குனிந்து கிடக்கிறாள். முதலில் அவளை வெளியே எடுப்போம்.

கட்டிலுக்கு அடியில் பெட்டி இல்லை. சூட்கேஸ் இருந்தது, ஓடாத ஃபேன் இருந்தது, எப்போதோ தொலைந்த ஒற்றைச் செருப்புகூட இருந்தது. பெட்டியை மட்டும் காணோம்.

பெட்டி என்றால் நகைப் பெட்டி இல்லை. நெட்வொர்க் சுவிட்ச். ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் கேபிள்கள் எல்லாம் ஒரு இடத்தில் வந்து செருகியிருக்குமே, இருபத்துநாலு துளையோடு, தட்டையாக, சதா இரைந்துகொண்டு, அந்த இரும்புச் சனியன். ஒரு துளை செத்துப்போனதால் குப்பையில் போடச் சொன்னான் தம்பி. அக்கா வீட்டுக்குத் தூக்கி வந்தாள். எட்டு மாதமாக அதில்தான் பயிற்சி. தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து, அதன் இரைச்சலில் மகள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு மணி வரை அதோடு மல்லுக்கட்டினாள்.

அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயது. தம்பியின் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கேபிள் இழுக்கிறாள். ஆபீஸ் கூரைகளுக்கு மேலே ஊர்ந்திருக்கிறாள், சுவரைத் துளைத்திருக்கிறாள், கேபிள் நுனியின் எட்டுக் கம்பிகளையும் நிறம் மாறாமல் அடுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு கிளிப் அடிப்பாள். ஆனால் கம்பெனிப் பலகையில் தம்பி பேர் மட்டும்தான். உள்ளே சுவரில் தம்பியின் சான்றிதழ், கண்ணாடி போட்டு. நெட்வொர்க் இன்ஜினியர் என்று எந்த நாட்டுக்காரனும் ஒத்துக்கொள்ளும் சான்றிதழ். எங்கிருந்தோ கசிந்த கேள்வித்தாளை உருப்போட்டு அதை அவன் வாங்கிய லட்சணத்தை நாலாவது வாரமே பார்த்துவிட்டோம்.

அதே பரீட்சைதான் இன்றைக்கு அக்காவுக்கு. மதியம் இரண்டு மணிக்கு. பயிற்சி வகுப்பில் முதலாவதாக வந்ததற்காகக் கிடைத்த இலவச அனுமதி. இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று, இரண்டும் தம்பியின் அவசரத்துக்காக. இன்றோடு அனுமதி காலாவதி. இனி தள்ள இடமில்லை. பரீட்சை நாளென்று இன்றைக்கு மட்டும் நாலரை மணிக்கு எழாமல் தூங்கிவிட்டு, கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்க்கத்தான் இப்போது பெட்டியைத் தேடினாள்.

"ஏய் குட்டி! என் பெட்டி எங்கடி?"

பார்மசி படிக்கும் மகள் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தாள்.

"மாமா எடுத்துட்டுப் போனாரே. நேத்து சாயங்காலம், நீ கடைக்குப் போயிருந்தப்ப."

"எதுக்கு?"

"அந்த ரத்த டெஸ்ட் எடுக்கிற லேப் இருக்குல்ல, அங்க ஒரு சுவிட்ச் புகைஞ்சு போச்சாம். புதுசு வர்ற வரைக்கும் இத மாட்டிக்கிறேன்னார். உன்கிட்ட சொல்லிட்டதாவும் சொன்னார்."

"சொன்னானா? எங்க, என் கனவுல வந்து சொன்னானா?"

அதற்குள் போன் அடித்தது. தம்பிதான். மணி எட்டே கால்.

"அக்கா! குடி முழுகிப் போச்சு!"

"மெதுவா சொல்லுடா. என்ன ஆச்சு?"

"ஏழு மணிக்கு லேப்புக்கு வந்து நாலாவது மாடில உன் பெட்டிய மாட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகல, நாலு மாடியும் படுத்துடுச்சு. ஒரு கம்ப்யூட்டரும் இன்னொண்ணோட பேச மாட்டேங்குது. பெட்டியக் கழட்டிட்டேன், அப்பவும் அப்படியேதான் கிடக்கு. அக்கா, இது ஹேக்கிங்!"

"என்னடா ஒளர்றே?"

"சத்தியமாக்கா! லேப்டாப் மாட்டிப் பாத்தேன். நம்ம போட்டு வெச்ச பேர் ஒண்ணுகூட இல்ல. எவனோ உள்ள பூந்து கிச்சன், பாத்ரூம், பால்கனின்னு எழுதி வெச்சிருக்கான். கடைசில 'தம்பி'ன்னு வேற போட்டிருக்கான். நக்கலப் பாரு! மேனேஜரம்மா போலீசுக்குப் போகணும்ங்கிறாங்க."

அக்கா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கிச்சன், பாத்ரூம், பால்கனி. அவள் வைத்த பேர்கள். தம்பியும் அவள் வைத்த பேர்தான்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பயப்படாதீர்கள், உங்களுக்குப் பரீட்சை வைக்க மாட்டேன். ஒரே கேபிளில் ஓடினாலும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பாதை, எக்ஸ்ரேவுக்கு ஒரு பாதை, வரவேற்புக்கு ஒரு பாதை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண்ணும் பேரும் கொடுத்திருப்பார்கள். இந்தப் பாதைப் பட்டியலை ஒரு பெட்டியில் மாற்றினால் அதே குழுவில் இருக்கும் மற்றப் பெட்டிகளும் பார்த்து எழுதிக்கொள்ளும். யாருடைய பட்டியல் புதுசு? அதற்கு ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கூடும். யாருடைய எண் பெரிசோ அவர் சொல்வதே சட்டம்.

வேறு குழுவாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் தம்பி கம்பெனியில் ஒரு பழக்கம்: எந்த இடத்தில் வேலை செய்தாலும் குழுவுக்கு அக்கா தம்பி இருவரின் அப்பாவுடைய பட்டப்பெயர்தான், பாஸ்வேர்டும் அதேதான். வீட்டில் பழகும்போதும் அக்காவின் விரல்கள் யோசிக்காமல் அதையே அடித்துவிட்டன. எட்டு மாதமாக விடியற்காலையில் போட்டு, அழித்து, போட்டு, அழித்து அவள் ஏற்றிவைத்த எண்ணோடு அந்தப் பெட்டி லேப்புக்குள் நுழைந்தது. நாலு மாடியும் வாயை மூடிக்கொண்டு அவள் வீட்டுச் சமையலறையையும் பாத்ரூமையும் எழுதிக்கொண்டன.

"டேய், மாட்டறதுக்கு முன்னாடி பழசெல்லாம் அழிச்சியா?"

"எத அழிக்கணும்?"

"சரியாப் போச்சு. எதையும் தொடாத. வர்றேன்."

மகள் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, இன்னைக்குப் பரீட்சை. போன தடவையும் இப்படித்தான் 'வர்றேன்'னு போன."

"அங்க கவுந்து கிடக்கிறது என் பெட்டியால. நான்தான் நிமித்தணும். ஆனா ரெண்டு மணிக்கு நான் பரீட்சைல இருப்பேன். யார் தலை போனாலும் சரி. நீ ஒன்றரைக்கெல்லாம் பரீட்சை நடக்கிற இடத்துக்கு நேரா வந்துடு."

அடையாள அட்டை இரண்டு, அனுமதிக் காகிதம், நீல அட்டை நோட்டு, லேப்டாப்பைப் பெட்டியோடு இணைக்கும் கேபிள். எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

*

லேப்பின் கீழ்த்தளத்தில் அறுபது பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பசியில் இருக்கும் அறுபது பேரை நீங்கள் ஒரே அறையில் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பதே நல்லது.

முழங்கையில் பஞ்சோடு ஒருவர் வரவேற்புப் பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தார். "குத்தி ஒன்றரை மணி நேரம் ஆச்சும்மா! ரத்தம் போதுமா, இல்ல இன்னொரு தடவை எடுப்பீங்களா? டீ குடிக்கலாமா கூடாதா, அதையாவது சொல்லித் தொலைங்க!"

முதல் மாடியில், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறைக்குப் பக்கத்தில்தான் பெட்டிகள் அடுக்கிய அலமாரி. தம்பி லேப்டாப் முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். பின்னால் மேனேஜரம்மா நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே தேடும் ரகம், ஆனால் மற்ற விஷயங்களில் படு கறார். போன் வந்து அவர் வராந்தாவுக்குப் போன இடைவெளியில் அக்கா தம்பிக்கு விஷயத்தைச் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது. உடனே குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஹேக்கிங்னே இருக்கட்டும். நம்ம பெட்டின்னு தெரிஞ்சா இந்த இடம் கைய விட்டுப் போயிடும். நீ வழக்கம்போல காதுல சொல்லு, நான் அடிக்கிறேன்."

வழக்கம்போல. அந்த ஒரு வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை ஆபீஸ், எத்தனை நாற்காலி. ஒவ்வொன்றின் பின்னாலும் அவள் கேபிள் சுருளோடு நின்று அவன் காதில் முணுமுணுத்திருக்கிறாள். அவன் அடித்திருக்கிறான். கைகுலுக்கல் அவனுக்கு, கேபிள் துண்டுகளைப் பெருக்கி அள்ளுவது அவளுக்கு.

"இன்னைக்குக் காதுல கிடையாதுடா" என்றாள்.

மேனேஜரம்மா திரும்பி வந்தார். அக்கா நேராக நிமிர்ந்து நின்றாள்.

"மேடம், போலீசெல்லாம் வேணாம். யாரும் உள்ள பூரல. நான் வீட்ல படிக்கிறதுக்கு வெச்சிருந்த பெட்டி அது. கிச்சன், பாத்ரூம் எல்லாம் என் வீடு. உங்க குழுப் பேரையே அதுக்கும் வெச்சது என் தப்பு. அழிக்காம கொண்டுவந்து மாட்டினது இவன் தப்பு. சரி பண்ண அரை மணி நேரம் போதும்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

மேனேஜரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சான்றிதழ் வாங்கினவங்க மட்டும்தான் இதத் தொடணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. நீங்க கேபிள் இழுக்கறவங்கதானே?"

"ஆமா மேடம், கேபிள் இழுக்கறவதான். சான்றிதழ் இவன்கிட்டதான் இருக்கு. ஏழு மணியிலேருந்து இந்த நாற்காலிலதான் உக்காந்திருக்கான். இன்னும் இவனே உக்காரட்டுமா, நான் உக்காரட்டுமா? கீழ அறுபது பேர் பட்டினி. நீங்களே சொல்லுங்க."

கீழேயிருந்து பஞ்சுக்காரரின் குரல் மாடி வரை கேட்டது.

மேனேஜரம்மா தம்பியைப் பார்த்தார். "எந்திரிங்க."

தம்பி எழுந்தான். அக்கா உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலி. உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டியலை வரவழைத்தாள்.

கிச்சன், பாத்ரூம், பால்கனி, படுக்கையறை, மாடிப்படி, கடைசியில் 99 என்ற எண்ணில் தம்பி. அதற்கு மேலே அந்த எண் இருந்தது. 1147.

பின்னாலிருந்து தம்பி குனிந்தான். "இங்க எப்பவும் முப்பத்தெட்டுதானே இருக்கும்? இது எங்கேருந்து வந்துச்சு?"

"என் சமையலறைலேருந்து."

"ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு தடவையா?"

அக்கா பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன மாதம் சொந்தக்காரர்கள் நடுவில், "அக்காவுக்குப் பொழுது போகல, அதான் படிக்கிறா" என்று அவன் சிரித்தது அவளுக்கு மறக்கவில்லை. அவனுக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது.

நீல நோட்டைப் பிரித்தாள். எந்தப் பாதைக்கு என்ன எண் என்று தம்பி எங்கேயும் எழுதி வைத்ததில்லை. அக்கா ஒவ்வொரு கேபிளிலும் சீட்டு ஒட்டும்போதே நோட்டிலும் எழுதிக்கொள்வாள். தன் வீட்டை வரிசையாக அழித்தாள். லேப்பின் பதினோரு பாதைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். என்ன செய்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். காதுக்குள் இல்லை, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி.

நாலாவது பாதை போட்டதும் ஆரஞ்சு விளக்குகள் சில பச்சையாயின. ஏழாவதுக்கு இன்னும் கொஞ்சம். பதினோராவதுக்கு அலமாரி முழுக்கப் பச்சை. கீழே எங்கேயோ ஒரு பிரின்டர் கரகரவென்று இரைந்தது, இன்னொன்று சேர்ந்துகொண்டது. அறுபது பேரும் கைதட்டினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பசியில் யார் கைதட்டுவார்கள்? "அப்ப டீ குடிக்கலாமா?" என்றுதான் கேட்டது.

தம்பி மெல்ல வந்து சொன்னான். "அக்கா, அந்த எண்ண ஸீரோ ஆக்கிடலாம். பாக்க ஒரு மாதிரி இருக்கு."

"என்ன ஒரு மாதிரி? இப்ப ஆயிரத்து நூத்து அறுபத்து நாலு. இங்க இனிமே எவன் எத மாத்தினாலும் இதுக்கு மேலதான் எண்ணணும். இருக்கட்டும்."

நாலாவது மாடி பாக்கி இருந்தது. அங்கே புகைந்துபோன பெட்டிக்கு மாற்று இல்லை. அக்கா ஏணி போட்டு ஏறி, எட்டு கம்ப்யூட்டர்களின் கேபிளையும் மூன்றாவது மாடிக்கு இறக்கி, அங்கே காலியாக இருந்த துளைகளில் செருகினாள். முடித்துக் கையைத் துடைத்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

குப்பையில் போட வேண்டிய பெட்டியை, மன்னிக்கவும், தன் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்க்கா, அவசரத்துக்கு உதவும்."

"குப்பைல போடச் சொன்ன பெட்டிதானே? உனக்கு எதுக்கு?"

மேனேஜரம்மா குறுக்கே வந்தார். "சாயங்காலம் வரைக்கும் யாராவது இருக்கணும். மறுபடி படுத்துட்டா?"

"படுக்காது மேடம். படுத்தா தம்பி இருக்கான். எனக்கு ரெண்டு மணிக்குப் பரீட்சை."

"அக்கா!" தம்பி வாசல் வரை துரத்தி வந்தான். "இன்னைக்கு ஒரு நாள். பரீட்சை எங்க ஓடிடப் போகுது?"

"ஓடிடும்டா. இன்னைக்கு நாலு மணிக்கு மேல அது இருக்காது. உன் அவசரத்துக்கு ரெண்டு தடவை குடுத்துட்டேன். போதும்."

மேனேஜரம்மா பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலைமேலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு தம்பியிடம் சொன்னார்: "திங்கக்கிழமை காலைல ஒரு சான்றிதழ் நகல் என் மேஜைல இருக்கணும். இன்னைக்குத் தேதில செல்லுபடியாகிற சான்றிதழ். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

தம்பியின் முகம் போன போக்கை அக்கா பார்க்கவில்லை. அவள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

*

பரீட்சை மையத்தின் வரவேற்பில் பெட்டியை உள்ளே விடமாட்டேன் என்றார்கள். போன் வைக்கும் லாக்கரில் அது நுழையவில்லை. மகள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான்தான் எடுத்துக் குடுத்தேன். சாரிம்மா."

"கட்டிலுக்கு அடியில கிடந்தா யாருக்கும் வேணாத பொருள்னு நெனச்சிட்ட. அது என் பொருள்டி. இனிமே யாரு கேட்டாலும் என்னக் கேக்காமக் குடுக்காத."

மகள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கையில் ஏணித் தூசி இன்னும் இருந்தது. கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இரண்டரை மணிக்கு மகளின் போன் அடித்தது.

"குட்டி, அம்மாவ வெளிய கூப்பிடு. ரெண்டே நிமிஷம். ரெண்டாவது மாடி பிரின்டர் வேலை செய்யல."

"நடுவுல வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க மாமா."

"அவசரம்டி!"

"போன தடவையும் அவசரம்தான். அதுக்கு முந்தின தடவையும் அவசரம்தான். கூப்பிட மாட்டேன் மாமா, நீங்க எவ்வளவு திட்டினாலும் சரி. பிரின்டர் ஆன்ல இருக்கா, அதப் பாருங்க மொதல்ல."

மறுமுனையில் காலடிச் சத்தம்.

"...ஆன் பண்ணல."

"வெச்சிடறேன் மாமா."

உள்ளே அக்கா ஆறாவது கேள்வியில் திணறினாள். பன்னிரண்டாவது கேள்வியில் வேர்த்தாள். அதற்கு மேல் பயம் போய்க் கோபம் வந்தது. கேள்வி எழுதியவன் ஒரு தடவையாவது கூரைக்கு மேலே ஊர்ந்திருப்பானா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினாள். செய்முறைக் கேள்விகள் வந்தபோது விரல்கள் தானாக ஓடின. விடியற்காலைச் சமையலறை வேலையாயிற்றே, தூக்கத்தில் கேட்டாலும் செய்வாள்.

நாலு மணிக்கு வெளியே வந்தாள். கையில் ஒரே ஒரு தாள். அதைப் பார்த்து மகள் கத்திய கத்தலில் வரவேற்புக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

தேர்ச்சி. மயிரிழையில்தான். மயிரிழையில் வாங்கினால் சான்றிதழ் என்ன அரை சைஸிலா தருவார்கள்?

மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தானோ. பெட்டி மகள் மடியிலேயே இருந்தது. அதை அவள் தொடவிட்டிருக்க மாட்டாள்.

தம்பி தாளை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"அக்கா... என் சான்றிதழ் போன மாசமே காலாவதி. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எழுதணும். கேள்வியெல்லாம் மாத்திட்டாங்க, என்னால திரும்ப எழுதிப் பாஸ் பண்ண முடியாது." தாளைத் திருப்பி நீட்டினான். "திங்கக்கிழமை உன்னோடத வெச்சிடலாமா?"

"வெக்கலாம். இந்தத் தாள்ல இருக்கற பேர் மொதல்ல கம்பெனிப் பலகைல இருக்கணும். உன் பேருக்குப் பக்கத்துல, அதே சைஸுல."

"பலகைய மாத்தறதுன்னா... வீட்ல பேசணும்க்கா. யோசிச்சு சொல்றேன்."

"யோசி. திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. எனக்கில்ல, உனக்கு."

அவன் எழுந்து நாலடி போனான். திரும்பி வந்தான். காலையிலிருந்து தொண்டையில் நின்றதைக் கடைசியில் கேட்டேவிட்டான்.

"அந்தப் பட்டியல்ல கடைசியா 'தம்பி'ன்னு ஒண்ணு இருந்துச்சே. கிச்சன், பாத்ரூம் புரியுது. அது என்ன பாதை?"

"தொண்ணூத்தொம்பதா? எந்த வேலைக்கும் ஆகாத துளையெல்லாம் சும்மா கெடக்கக் கூடாது, ஒரு பாதைல போட்டு ஓரமா மூடி வெக்கணும்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு ஒரு பேர் வேணும்ல?"

மகள் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி சிரிக்கவில்லை. முகம் சிவந்து நின்றான்.

அக்கா மகள் மடியிலிருந்து பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ பலகைய மாத்துடா" என்றாள். "நான் தொண்ணூத்தொம்பத மாத்துறேன்."